ரப்பர் கொட்டையைக் கோழிக்குப் போடலாமா?

மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பக்கம் தோட்டத்தில் கொட்டிக் கிடக்கிற ரப்பர் கொட்டையில் புரதம் இருக்கிறதா, கோழிக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் பச்சையாக ஒருபோதும் கூடாது.

ஓட்டை உடைத்தால் வரும் வெள்ளைப் பருப்பில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய், ஐந்தில் ஒரு பங்கு போலப் புரதம். எண்ணெயைப் பிழிந்துவிட்டால் புண்ணாக்கில் புரதம் இன்னும் கூடும். சிக்கல் லினமரின். மரவள்ளியில் இருக்கிற அதே பொருள்தான். பருப்பு நசுங்கியதும் அதிலுள்ள நொதி இதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சை வெளியே விடுகிறது, அது 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

அதனால் வரிசை முக்கியம்: முதலில் நசுக்கி, ஒரு நாள் ஊறவைத்து, இடையில் தண்ணீரை மாற்றி, அப்புறம் மூடி போடாமல் வெளியில் வைத்து நன்றாக வேகவையுங்கள். முழுசாக முதலிலேயே வேகவைத்தால் நொதி செத்துவிடும், லினமரின் உள்ளேயே தங்கிவிடும். ஊறின தண்ணீரை ஆடு, வாத்து வாய் வைக்காத இடத்தில் கொட்டுங்கள். காயவைத்து வழக்கமான தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்தால் போதும்; கோழிக்குத் தேவையான மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் இதை மட்டும் நம்பிக் கோழி வளர்க்க முடியாது.

பகாங் மாநிலத்தில் மலாய்க்காரர்கள் இதே கொட்டையைப் புளிக்கவைத்து அசாம் ரோங் செய்து குழம்பில் சேர்க்கிறார்கள். அது பழகிய கை, பார்த்துச் செய்கிற வேலை, தயவுசெய்து நீங்களாக முயல வேண்டாம்.

வேலியோரக் காட்டாமணக்கை இதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஆமணக்கில் இருக்கிற ரிசின் என்ற நஞ்சு ஒரு புரதம், நல்ல ஈரச்சூட்டில் சிதையும்; ஆனால் காட்டாமணக்கின் ஃபோர்பால் எஸ்டர் என்ற நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.