ஜோ ஹீனி பாடுவதுபோல் ஷான் நோஸ் பாட எங்கிருந்து தொடங்குவது?

அயர்லாந்தின் மரபுப் பாடகர் ஹீனியின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாடினால் மெட்டு சரியாக வருகிறது, ஆனாலும் அவர் பாட்டுபோல் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்டிலிருந்து தொடங்கியதுதான் கோளாறு. ஐரிஷ் மொழியில் ஒருவரைப் பாடச் சொல்லும்போது ‘அபிர் அவ்ரான்’ என்பார்கள். ‘பாட்டு ஒன்று சொல்லு’ என்று பொருள். ஷான் நோஸ் என்பது ஐரிஷ் மொழியின் மரபுப் பாட்டுமுறை, ‘பழைய முறை’ என்று பொருள். பக்கவாத்தியம் கிடையாது, தாளக்கட்டும் தளர்வானது. சொல் முன்னே போக, மெட்டு அதன் பின்னே போகும்.

மேற்கு அயர்லாந்தில் கானமாராவின் கார்னா பகுதியில் 1919இல் பிறந்தவர் ஹீனி. பாட்டைத் தொடங்குமுன் பல நேரம் அதன் ‘ஊதர்’ சொல்வார். பாட்டு பிறந்த கதைக்கு அந்தப் பெயர். அவர் பாடிய ‘மூன்று மரியாக்களின் ஒப்பாரி’யில் மகனைப் பார்த்தாயா என்று பேதுருவிடம் இயேசுவின் தாய் மரியா கேட்கிறாள், பகைவர் நடுவே பார்த்தேன் என்கிறார் அவர். மூன்று பருவம் (ஒரு பருவம் மூன்று மாதம்) நான் சுமந்த பிள்ளையா அது என்று அவள் திரும்பக் கேட்கிறாள். ஆள் மாறுவதைக் குரல் மாற்றிக் காட்டும் பழக்கம் இதில் இல்லை. கதை தெரிந்தவருக்குத்தான் எந்த வரி யாருடையது என்று புரியும். பாடுகிறவருக்கே அது புரியாவிட்டால் மூச்சு தப்பான இடத்தில் விழும்.

ஆகவே முதல் வாரம் பாட வேண்டாம். ஊதரை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். வரிகளைப் பேச்சாக வாசியுங்கள். இங்கே எழுத்தை நம்பக் கூடாது: நீலத்தைக் குறிக்கும் ‘கொர்ம்’ வாயில் ‘கொரம்’ ஆகும், பெயரைக் குறிக்கும் சொல் ‘அனிம்’ ஆகும். எழுத்தில் ஓரசையாகத் தெரிவது ஒலியில் ஈரசை. இதை விட்டால் மெட்டில் ஒரு சுரம் அநாதையாக நிற்கும்.

அடுத்து, அலங்காரம் இல்லாமல் மொட்டையாகப் பாடுங்கள். சுருதிப்பெட்டி கிடையாது, உங்கள் சுருதியை நீங்களே பிடிக்க வேண்டும். பல மெட்டுகளில் முதல் வரி தாழ்வாக இருக்கும், மூன்றாவது வரி உச்சத்துக்கு ஏறும். முதல் வரியின் சுகத்தை நம்பித் தொடங்கினால் மூன்றாவதில் குரல் கிழியும். எனவே உச்ச வரியை மனசுக்குள் முனகிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிருகா, அதாவது சுரங்களைச் சுழற்றும் அலங்காரம், கடைசியில்தான். கானமாராவில் அது அடர்த்தி, வடமேற்கு அயர்லாந்தின் டொனகாலில் குறைவு. அழுத்தமான சொல்லில்தான் விழும் என்பதில்லை, சின்ன இணைப்புச் சொல்லிலும் சுழலும். ஒரு பதிவில் கேட்டதை எல்லாச் சரணத்திலும் அப்படியே ஒட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. பழைய பாடகர்கள் சரணத்துக்குச் சரணம் மாற்றுவார்கள். அதனால் ஒரே பாட்டை மூன்று பேர் குரலிலாவது கேளுங்கள். சோகமான இடத்தில் குரலை நடுக்குவதும், ஏற்றி இறக்குவதும் வேண்டாம். அந்தப் பாரத்தைச் சொற்களே சுமக்கும்.

ஒலிப்பதிவுகள் கிடைப்பதே பெரிய பாக்கியம். 1935இல் தொடங்கிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் மெழுகு உருளையில் பதிந்து, எழுதி முடித்ததும் செலவைக் குறைக்க அதைச் சீவி மறுபடி பயன்படுத்தினார்கள். எத்தனையோ பேரின் சொற்கள் தாளில் இருக்கின்றன, குரல் இல்லை. ஹீனி தப்பியது அதிர்ஷ்டம். கடைசி ஆண்டுகளில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1984இல் அங்கேயே இறந்தார். அவர் பாடியதும் பேசியதும் அந்தப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன. பாட்டை மட்டும் கேட்டுவிட்டு நகராமல், அதற்கு முன் அவர் பேசும் பகுதியையும் கேளுங்கள்.