எலிக்குப் பலித்த மருந்து நமக்கு ஏன் பலிக்கவில்லை?

பக்கவாத மருந்துகளை விலங்குகளிடம் சோதிக்கும் முறை பற்றி வந்த கேள்விகளுக்கு, சென்னையில் மருந்தியல் கற்பிக்கும் பேராசிரியை ஒருவரின் பதில்கள்.

பெரம்பூர் வாசகி: மேடம், அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோனதால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மூளை செல்லைக் காப்பாற்றும் மருந்து எலியிடம் வெற்றி என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது எங்கே போகிறது?

பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறதம்மா. பக்கவாதத்துக்கென்று அதுவரை முயன்று பார்த்த சிகிச்சைகளை 2006-ல் ஒரு குழு உட்கார்ந்து எண்ணியது. மொத்தம் 1,026. ஆனால் செல்லைக் காக்கும் மருந்து என்று உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டது இன்னும் ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்குப் போட்டது அடைப்பைத் திறக்கும் மருந்து. அதுவும் 1985-ல் முயல்களிடம் பலித்து வந்ததுதான். அதனால் விலங்குச் சோதனையே வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

எம்.ஃபார்ம் மாணவர், தாம்பரம்: எலி வேறு, மனிதன் வேறு. அதுதானே காரணம்?

எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். எலியிடமாவது அது நிஜமாகவே வேலை செய்ததா என்று யாரும் கேட்பதில்லை. என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்தைப் பாருங்கள். 2006-ல் வந்த முதல் பெரிய மனிதச் சோதனையில் கொஞ்சம் பலன் தெரிந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த இரண்டாவது சோதனையின் முடிவு 2007-ல் வந்தது, பலன் எதுவுமில்லை. அப்புறம் எடின்பரோவின் மால்கம் மெக்லியோட் குழு பழைய விலங்கு ஆய்வுகளைத் தோண்டிப் பார்த்தது. எந்த எலிக்கு மருந்து, எதற்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வுகளில் மூளைச் சேதம் பாதிக்குமேல் குறைந்திருந்தது. பிரித்தவற்றில் ஐந்தில் ஒரு பங்குதான்.

தரமணி ஆய்வு மாணவி: கூண்டில் கைக்கு வந்த எலியை எடுத்தால் அதுவும் குலுக்கல்தானே மேடம்?

இல்லவே இல்லை. கைக்கு முதலில் சிக்குவது சோர்ந்த எலி. எந்த எலி எந்தக் குழு என்று கம்ப்யூட்டரில் எண் எடுத்து, மூடிய உறையில் வையுங்கள். பக்கவாதத்தை வரவழைக்க எலியின் கழுத்தைத் திறந்து, முனை மழுங்கிய நைலான் இழையைக் கழுத்திலுள்ள கரோடிட் தமனி வழியாகத் தள்ளி மூளைத் தமனியை அடைக்கிறீர்கள். இழை எவ்வளவு தூரம் போகிறது என்பது கை சொல்வது. எந்த எலிக்கு மருந்து என்று தெரிந்த கை கொஞ்சம் இரக்கப்படும், உங்களுக்கே தெரியாமல். மறுநாள் மூளையை 2 மி.மீ. துண்டுகளாக வெட்டி டி.டி.சி. என்ற சாயக் கரைசலில் போட்டால் உயிருள்ள பகுதி சிவக்கும், செத்தது வெள்ளையாக நிற்கும். நடுவில் ஒரு வெளிர்சிவப்பு ஓரம் இருக்குமே, அதை எந்தப் பக்கம் சேர்ப்பது? கோடு போடுபவருக்கு எலியின் குழு தெரியவே கூடாது.

விலங்குக்கூடப் பொறுப்பாளர்: எங்கள் அறுவை அறையில் ஏ.சி. பதினெட்டில் ஓடுகிறது. பிரச்சினையா?

நம் ஊர் வெயிலுக்கு எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும் எலி மளமளவென்று குளிர்ந்துவிடும், குளிர்ச்சியே மூளையைக் காக்கும். ஒரு காலத்தில் மூளை செல்லைக் காக்கும் என்று எம்.கே-801 என்ற மருந்தின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 1990-ல் ஜெர்பில் என்ற எலி போன்ற சிறு பிராணிகளின் உடல் வெப்பத்தைக் குறையாமல் பிடித்து வைத்துப் பார்த்தார்கள். மருந்தின் மகிமை காணாமல் போனது, காப்பாற்றியது குளிர்தான். வெப்பப் படுக்கையும் மலக்குடல் வெப்பமானியும் வாங்கச் சொல்லுங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: கேட்கவே பாவமாக இருக்கிறது. எலிகளைக் குறைக்கக் கூடாதா?

பாவம்தான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால் மொத்தமும் வீண். "கைடு எட்டு எலி போதும் என்றார்" என்று நெறிமுறைக் குழுவிடம் வரும் மனுக்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். எவ்வளவு பலனைப் பிடிக்கப் பார்க்கிறோம் என்று கணக்குப் போட்டுத்தான் எண்ணிக்கை வர வேண்டும். இதைவிடப் பெரிய பாவம் தோற்ற முடிவைப் பூட்டி வைப்பது. 2010-ல் 525 பக்கவாத விலங்கு ஆய்வுக் கட்டுரைகளை அலசியதில், பலனே இல்லை என்று சொன்னவை 2 சதவீதம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? ஒரு கூடத்தில் தோற்றதை அறியாமல் இன்னொரு கூடம் அதே சோதனைக்கு எலிகளைக் கொல்கிறது.

பெரம்பூர் வாசகி: அப்பாவுக்கு 68 வயது, பி.பி., சுகர் இரண்டும் உண்டு. சோதனை எலிகளும் அப்படியா?

பெரும்பாலும் இளம் ஆண் எலி, ஒரு நோயும் கிடையாது. சரியான கேள்வி கேட்டீர்கள்.

எம்.ஃபார்ம் மாணவர்: இப்போதாவது திருந்தியிருக்கிறார்களா?

சில இடங்களில். அமெரிக்காவில் ஸ்பான் என்ற கூட்டமைப்பில் ஆறு ஆய்வுக்கூடங்கள் ஒரே நெறிமுறையில் ஆறு சிகிச்சைகளைச் சோதித்தன. வயதானவை, குண்டானவை, ரத்த அழுத்தம் உள்ளவை, ஆண், பெண் எல்லாம் சேர்த்து. விலங்கின் நடையை வீடியோ எடுத்து, வேறு ஊரில் இருப்பவர் குழு தெரியாமல் மதிப்பெண் போட்டார். ஆறில் தேறியது யூரிக் அமிலம் ஒன்றுதான். அதற்கும் மனிதச் சோதனை உறுதியான பதிலை இன்னும் தரவில்லை. உங்கள் ஆய்வுக்கு ஆறு கூடம் வேண்டாம். எந்த எலியைக் கணக்கிலிருந்து நீக்குவீர்கள் என்பதை முதல் எலியைத் தொடுவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.