ட்ரவுட் எடை போட 50 கிலோ தராசு எதற்கு?

கேள்வி: நீலகிரியில் எமரால்டு பக்கம் குடியிருக்கிறேன். மீன்வளத் துறையில் உரிமம் வாங்கி, லீவு நாட்களில் தூண்டில் போடுவேன். பெரும்பாலும் ட்ரவுட், சில நேரம் கெண்டை. எடை பார்க்க ஒரு டிஜிட்டல் தொங்கு தராசு வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் எல்லாமே 40 கிலோ, 50 கிலோ என்று வருகிறது. பெரியதாக வாங்கிப் போட்டால் வேறு எதற்காவது உதவும் என்கிறார் என் மைத்துனர். எதை வாங்கலாம்?

பதில்: மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் மைத்துனர் பேச்சைக் கேட்க வேண்டாம். தராசு வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது அது எத்தனை கிலோ தாங்கும் என்பதை. பார்க்க வேண்டியது எத்தனை கிராம் ஏறினால் எண் மாறும் என்பதை. நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற 50 கிலோ தொங்கு தராசுகள் பெரும்பாலும் 10 கிராம் 10 கிராமாகத்தான் தாவும். உங்கள் ட்ரவுட் கால் கிலோ இருக்குமா, மிஞ்சிப்போனால் அரை கிலோ? கால் கிலோவில் 10 கிராம் என்பது நூற்றுக்கு நான்கு.

அதோடு போனால்கூடப் பரவாயில்லை. கொக்கிக்குப் பின்னால் ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் விழும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய இழையின் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் தராசு எடையாக்கிக் காட்டுகிறது. 50 கிலோ தாங்கச் செய்த துண்டு 250 கிராமுக்கு எவ்வளவு வளைந்துவிடப் போகிறது? அந்தத் துளி மாற்றத்தை மலிவான சர்க்யூட் சரியாகப் பிடிப்பதில்லை. ஒரே மீனை மூன்று முறை மாட்டினால் மூன்று எண் வருவது இதனால்தான்.

நேரம் கிடைத்தால் மளிகைக் கடையில் முத்திரை போட்ட மின்னணுத் தராசின் தகட்டைக் குனிந்து பாருங்கள். மேக்ஸ் (அதிகபட்ச எடை), மின் (குறைந்தபட்ச எடை), இ (முத்திரைச் சோதனைக்குக் கணக்காகும் ஒரு படி, கிராமில்) என்று ஆங்கிலத்தில் மூன்று அளவுகள் இருக்கும். அந்த ரகத் தராசில் குறைந்தபட்ச எடை என்பது 'இ'யைப் போல 20 மடங்கு, அதாவது 'இ' 10 கிராம் என்றால் 200 கிராமுக்குக் கீழே அதில் நிறுக்கக் கூடாது. சோதித்து முத்திரை குத்திய தராசுக்கே இந்த நிபந்தனை, அப்படியிருக்க ஏர்போர்ட் பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் செய்த தராசில் ட்ரவுட்டை மாட்டினால் என்ன ஆகும்?

ஆக 10 கிலோ வரை போகிற, 5 கிராமோ அதற்குக் குறைவாகவோ தாவுகிற தராசைத் தேடுங்கள். கெண்டைக்கும் அது தாராளம். சில தராசுகளில் 10 கிலோ வரை 5 கிராம், அதற்கு மேல் 10 கிராம் என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள், மைத்துனர் மனம் நோகக் கூடாதென்றால் அதை வாங்கலாம்.

பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கிற ஆள் என்றால் தொங்கு தராசே வேண்டாம் என்பேன். சமையலறைத் தராசு, 5 கிலோவோ 10 கிலோவோ, 1 கிராம் தாவுவது, அதே விலைக்குக் கிடைக்கிறது. தட்டை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, மீனை வைத்தால் முடிந்தது. கை ஆடாது, காற்றில் ஊசலாடாது. தண்ணீர் பட்டால் மட்டும் கெட்டுப்போகும்.

கரையிலேயே எடை பார்த்துவிட்டு மீனை மறுபடி தண்ணீரில் விடுகிறவருக்குத் தொங்கு தராசுதான் சரி. அப்படியென்றால் செவுளில் கொக்கியை மாட்டித் தூக்கவே தூக்காதீர்கள், அந்த மீன் பிழைப்பது கஷ்டம். ஒரு துணிப்பையையோ வலைப்பையையோ நனைத்து, தராசில் மாட்டி, டேர் பட்டனை அமுக்கிப் பூஜ்யமாக்கிவிட்டு மீனை அதற்குள் போட்டுத் தூக்குங்கள். நனைக்காமல் பூஜ்யமாக்கினால் பை குடித்த தண்ணீரும் மீன் கணக்கில் சேர்ந்துவிடும் (நண்பர்களிடம் காட்ட போட்டோ எடுக்கிறவர்களுக்கு இது வசதிதான்). எண்ணை நிறுத்திப் பிடிக்கிற ஹோல்டு வசதி கட்டாயம் வேண்டும், துள்ளுகிற மீனில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் பிடிப்பதைவிட ஒரு கிளையில் தராசை மாட்டினால் இன்னும் நல்லது.

'வாட்டர்ப்ரூஃப்' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதற்கு மதிப்பு கிடையாது. ஐபி என்ற எழுத்துக்குப் பின்னால் என்ன எண் என்று பாருங்கள். ஐபி 54 தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது. எண்ணே இல்லையென்றால் நம் ஊர் மூடுபனிக்கே அது தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரிலிருந்து அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுவந்தால் தராசுக்குள்ளேயே ஈரம் கோத்துக்கொள்ளும்.

பார்சல் வந்த அன்றே சோதித்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு போய்விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் வெளியூரில் கடைத் தண்ணீர் பாட்டிலை மாட்டிப் பார்ப்பார்கள், நீலகிரியில்தான் அந்த பாட்டிலுக்குத் தடை ஆயிற்றே. தெரிந்த கடைக்காரரிடம் எடைக்கல் கேளுங்கள், முத்திரை உள்ளதாக. இல்லையென்றால் பிரிக்காத சர்க்கரை பாக்கெட்டுகள் போதும், கவருக்குச் சில கிராம் கூடும். 1 கிலோவில் சரியாகக் காட்டினால் போதாது, 250 கிராமிலும் 500 கிராமிலும் பாருங்கள். மலிவுத் தராசு தோற்பது அங்கேதான்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். ஆன்லைனில் வாங்கிய தொங்கு தராசு எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் காட்டுகிறது. 1.2 கிலோ கெண்டை 2.4 என்று வருகிறது. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். எங்கே புகார் செய்வது?

பதில்: புகாருக்கு முன்னால் யூனிட் பட்டனை ஒருமுறை அமுக்குங்கள். இந்தத் தராசுகளில் பல சீனாவில் செய்தவை, கிலோ, பவுண்டு, அவுன்ஸ் தவிர 'ஜின்' என்று அவர்கள் ஊர் அளவும் இருக்கும். ஒரு ஜின் 500 கிராம், அதனால் கிலோ எண் அப்படியே இரட்டிக்கும். திரை ஓரத்தில் பொடி எழுத்தில் எந்த அளவு என்று இருக்கும், பலர் கவனிப்பதில்லை. பவுண்டில் மாட்டிக்கொண்டாலும் இதே குழப்பம்தான், 1.2 கிலோ 2.65 என்று வரும்.

பட்டனை மாற்றியும் சரியாகவில்லை என்றால் எடைக்கல்லோடு வீடியோ எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர் முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, புகாருக்கான தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: தோட்டத்துக் குட்டையில் கெண்டை வளர்க்கிறேன். வருகிறவர்களுக்கு இந்தத் தொங்கு தராசிலேயே நிறுத்து விற்கலாமா?

பதில்: கூடாது. விற்பனைக்கு நிறுக்கிற தராசு 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சோதிக்கப்பட்டு முத்திரை போட்டிருக்க வேண்டும், மின்னணுத் தராசு என்றால் வருடத்துக்கு ஒருமுறை. லக்கேஜ் தராசை எடுத்துக்கொண்டு முத்திரை ஆய்வாளரிடம் போய்ப் பயனில்லை, அரசு அனுமதித்த மாடலுக்குத்தான் முத்திரை கிடைக்கும். உரிமம் உள்ள தராசு வியாபாரியிடம் மேஜைத் தராசாக வாங்குங்கள். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்கலாம்.

கேள்வி: அவலாஞ்சிப் பக்கம் டிசம்பர், ஜனவரிக் காலையில் தராசு ஆன் ஆவதே இல்லை. வீட்டுக்கு வந்தால் வேலை செய்கிறது. ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்லை, பேட்டரி. உறைபனி விழுகிற குளிரில் சாதாரண அல்கலைன் செல்லும் பொத்தான் செல்லும் சோர்ந்துவிடும், ரீசார்ஜ் செல்லுக்கு ஆரம்ப வோல்டேஜே குறைவு. வாங்கும்போதே டபுள் ஏ, ட்ரிபிள் ஏ செல் போடுகிற மாடலாகப் பார்த்தால் லித்தியம் செல் மாற்றிக்கொள்ளலாம், விலை கூடுதல்தான் ஆனால் குளிரைத் தாங்கும். அதுவரை தராசை ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்திருந்து எடை போடும்போது மட்டும் எடுங்கள். வெளியே எடுத்ததும் சும்மா ஒருமுறை ஆன் செய்து, எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மீனை மாட்டுங்கள், குளிரில் பூஜ்யமும் கொஞ்சம் நகரும்.

கேள்வி: ஊட்டியில் 2 கிலோ கெண்டை பிடித்தேன். மலையில் தராசு குறைத்துக் காட்டும், கீழே வந்து நிறுத்தால் இன்னும் கூடும் என்கிறார் மேட்டுப்பாளையம் நண்பர். உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லாத உண்மை. மேலே போகப் போக பூமியின் இழுப்பு குறையும். கடல் மட்டத்தில் சரிசெய்த தராசை 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்குக் கொண்டுவந்தால் 2 கிலோவுக்கு ஒன்றரை கிராம்கூடக் குறையாது. 5 கிராம் தாவுகிற தராசுக்கு அது தெரியவே தெரியாது. மீன் மேல் ஒட்டியிருக்கிற தண்ணீர் அதைவிட அதிகம்.