வீட்டுக் கணினிக்கு ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல ஆன்டிவைரஸ் எது?

வீட்டில் ஒரே கணினி, வங்கி வேலையும் பிள்ளையின் படிப்பும் குடும்பப் படங்களும் அதில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆயிரம் ரூபாயை ஆன்டிவைரஸுக்குக் கொடுக்காதீர்கள். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இப்படிச் சொல்வதற்குக் காரணம் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்று.

சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் மகன் வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றின் கிராக் பதிப்பை, அதாவது பணம் கட்டாமல் ஓட்டப் பூட்டுடைத்த திருட்டு நகலை, கணினியில் இறக்கினான். கூடவே வந்த குறிப்பில் "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்று இருந்தது. அணைத்துவிட்டான். மென்பொருள் திறக்கவில்லை. கறுப்புப் பெட்டி ஒன்று திரையில் தோன்றி மறைந்தது. சரியாக இறங்கவில்லை போலிருக்கிறது என்று கோப்பை அழித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். அன்று இரவு பதினொன்றரை மணிக்கு, மின்னஞ்சல் கணக்கின் மீட்பு எண் (கணக்கு கைவிட்டுப் போனால் மீட்பதற்காகக் கொடுத்து வைக்கும் கைபேசி எண்) மாற்றப்பட்டதாக அண்ணன் கைபேசிக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. அவர் அதைப் பார்த்தது மறுநாள் காலையில். அதற்குள் கணக்கு கைமாறிவிட்டது.

அண்ணன் கவனமானவர். ஓடிபி கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை முன்பே போட்டு வைத்திருந்தார். பிறகு எப்படி உள்ளே நுழைந்தார்கள்? பொருட்காட்சியில் வெளியே போய்வர மணிக்கட்டில் முத்திரை குத்துவார்களே, அதுபோல ஒருமுறை நாம் கணக்கில் நுழைந்துவிட்டால் அந்தத் தளம் நம் பிரவுசரில் குக்கி என்ற அடையாளத்தை வைத்துவிடும். முத்திரை இருப்பவரிடம் மறுபடி டிக்கெட் கேட்க மாட்டார்கள். அந்தக் கறுப்புப் பெட்டி தோன்றி மறைந்த நேரத்தில் குக்கிகளும், பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களும் மொத்தமாக வெளியேறிவிட்டன. இதற்கென்றே எழுதப்பட்ட திருட்டு நிரல்கள் கிராக் மென்பொருள்களிலும் கணினி விளையாட்டில் குறுக்குவழியில் ஜெயிக்க உதவும் 'சீட்' நிரல்களிலும் ஒளிந்து வருகின்றன.

மின்னஞ்சல் போனால் அதோடு நிற்காது. மற்ற எல்லாக் கணக்குகளிலும் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று தட்டினால் புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தானே வரும்? கொத்துச்சாவியே அதுதான். வங்கி ஓடிபி அண்ணனின் சிம்முக்கு வந்ததால் பணம் தப்பியது. அப்பா இறப்பதற்கு முந்தைய மாதம் எடுத்த படங்கள் அந்தக் கணக்கில் மட்டுமே இருந்தன. அண்ணி அழுதது பணத்துக்காக அல்ல. பழைய மீட்பு எண்ணை வைத்துத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்து நான்காம் நாள் கணக்கை மீட்டோம். கூகுள் கணக்கென்றால் மீட்பு எண் மாற்றப்பட்ட பிறகும் ஏழு நாள் வரை பழைய எண்ணைக் கொண்டு முயல வழி உண்டு. அதனால் தாமதிக்கக் கூடாது.

அந்தப் பதற்றத்தில் நான் செய்யவிருந்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அதே கணினியில் உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்றத் தொடங்கினேன். நிரல் உள்ளே இருந்தால் புதிய கடவுச்சொல்லும் அவர்களுக்கே போய்ச் சேரும். முதலில் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். பிறகு சுத்தமான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி கட்டளை கொடுங்கள். பழைய முத்திரைகள் அப்போதுதான் செல்லாமல் போகும். கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் முதல் வேலை மின்னஞ்சல்தான். வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல் ஒன்றை அதற்கு வையுங்கள். தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால்கூடப் போதும். பிரவுசரில் சேமிக்காமல் நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்று பலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கோ இருக்கும் திருடன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை. மற்ற கணக்குகளுக்குப் பிட்வார்டன் போன்ற இலவசக் கடவுச்சொல் பெட்டகம் போதும். கைபேசி கையில் இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்க, கூகுள் கணக்கில் பத்து மீட்புக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் ஒரே முறை செல்லும். அவற்றை அச்சிட்டு, அண்ணன் இப்போது ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.

பிள்ளைக்கு விண்டோஸில் தனிப் பயனர் கணக்குப் போட்டுக்கொடுங்கள், நிர்வாகி உரிமை வேண்டாம். அவன் பக்கம் ஏதாவது நுழைந்தாலும் உங்கள் பிரவுசரில் உள்ளதை எடுப்பது கடினம். அவனைத் திட்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலையே அண்ணன் மகன் வாய் திறந்திருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும். பயம்தான் அவன் வாயை அடைத்தது.

ஹார்ட் டிஸ்க்கில் மாதம் ஒருமுறை படங்களை நகலெடுத்தவுடன் கழற்றி வைத்துவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல், செருகியே இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க் (உங்கள் கருவியைத் தூரத்திலிருந்தே இயக்க விடும் செயலி) நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று நீங்கள் எழுதவில்லை. அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவராக இருந்தால் இதைக் கேளுங்கள்: 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற, பணம் கேட்டு மிரட்டும் நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்களுடையது அதுதான் என்றால், கணினியின் மாடலையும் ரேம் அளவையும் எழுதுங்கள். 11-க்கு மாற முடியுமா, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது நல்லதா என்று பார்த்துச் சொல்கிறேன்.