ஓவர்லாக் மெஷினும் வரவில்லை, பணமும் வரவில்லை

கேள்வி: திருநகரில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். திருப்பூரில் ஒரு கம்பெனியை மூடுவதால் பழைய ஓவர்லாக் மெஷின் 16,500 ரூபாய்க்குத் தருவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்தேன். வாட்ஸ்ஆப்பில் ஜிஎஸ்டி சான்றிதழ் அனுப்பினார்கள். நம்பி, அவர்கள் கொடுத்த பேங்க் கணக்குக்குப் பணம் போட்டேன். மறுநாள், “வண்டி திண்டுக்கல் தாண்டிவிட்டது, டெபாசிட் 3,200 போடுங்கள், மெஷினை இறக்கியதும் திருப்பித் தருவோம்” என்றார்கள். அதையும் போட்டேன். அப்புறம் போன் எடுக்கவே இல்லை. ஆறு நாள் ஆகிவிட்டது. பேங்கில் கேட்டால், “நீங்களேதானே அனுப்பினீர்கள்” என்கிறார்கள். மகளிர் குழுவில் வாங்கிய கடன் இது. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. — ஒரு வாசகி, மதுரை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் செல் நம்பர் இருந்ததால், இதழ் அச்சாகும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே உங்களிடம் பேசினேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே விவரமாக எழுதுகிறேன்.

31 வருடம் பேங்க் கவுண்டரில் இருந்தவன் நான். “நீங்களேதானே அனுப்பினீர்கள்” என்று நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர். போட்டோவில் பார்த்த கறவை மாட்டுக்கு 40,000 ரூபாய் அனுப்பியிருந்தார். பாஸ்புக்கை மடக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார். அன்றைக்கு அவரிடம் ஒரு புகார் எழுதி வாங்கி, பணம் போன பேங்குக்கு நான் தகவல் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

பேங்க் சொன்னதில் பாதி உண்மை. மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் சொன்னது, நமக்குத் தெரியாமல் வெளி ஆட்கள் எடுத்த பணத்துக்குத்தான். நாமே அனுப்பிய பணம் அதில் வராது. அதற்காகப் புகாரையே வாங்காமல் அனுப்பிவிடலாம் என்று அர்த்தம் இல்லை. எழுதிக் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், பேங்குகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கூப்பிட வேண்டியது சைபர் கிரைம் உதவி எண் 1930. பணம் போனது தெரிந்த நிமிடமே கூப்பிட வேண்டும். யூடிஆர் எண் (பணம் அனுப்பியதற்கு பேங்க் தரும் அடையாள எண்), தேதி, தொகை, அனுப்பிய கணக்கு எண் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுகிறவன் பணத்தை ஒரே கணக்கில் விட்டுவைக்க மாட்டான், நாலைந்து கணக்குக்குப் பிரித்து ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். எடுப்பதற்குள் பேங்குகள் நிறுத்திவைத்தால்தான் உண்டு.

ஆறு நாள் கழித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டீர்கள். ஆனாலும் கூப்பிட்டீர்கள். இரண்டாவதாகப் போட்ட 3,200 நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. உங்களுக்கு முன்னால் யாரோ அதே கணக்கின் மேல் புகார் கொடுத்ததால்தான் அது அங்கேயே நின்றது. அந்த முகம் தெரியாத ஆள் ‘போனது போகட்டும்’ என்று இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். அந்தப் பணத்தை எடுக்க நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருக்கலாம், சைபர் கிரைம் போலீஸில் கேளுங்கள். 16,500 திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

நீங்கள் அனுப்பிய சான்றிதழ் எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. எண் உண்மையானதுதான், ஆனால் யாரோ ஒரு இரும்புக் கடைக்காரருடையது. தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும். அது 27-ல் தொடங்கியது, அதாவது மகாராஷ்டிரம். திருப்பூர் கம்பெனி என்றவனிடம் அது எப்படி வந்தது? இன்னொன்று, கணக்கு தனி ஆள் பெயரில் இருந்தது, “ஓனர் கணக்கு” என்றார்கள் என்றீர்களே, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்புமுன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தப் பெயரைப் படிக்காமல் பட்டனைத் தொடாதீர்கள்.

இனி ஒருத்தன் கூப்பிடுவான். “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், 2,000 கட்டுங்கள்” என்பான். போலீஸ் என்றும் சொல்லுவான். அவனும் அதே கூட்டம்தான்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடுங்கள். குழு ஊக்குநரிடமும் சொல்லித் தவணையைப் பேசுங்கள். திருடியவன் எவனோ, நீங்கள் ஏன் தலை குனிய வேண்டும்?

கேள்வி: என் மகனின் கல்லூரி நண்பன், பேங்க் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்தால் மாதம் 5,000 தருவதாகச் சொல்கிறானாம். கொடுக்கலாமா? — ஒரு வாசகர், மேலூர்

பதில்: கூடவே கூடாது அண்ணே. மேலே எழுதியிருக்கும் தங்கச்சியின் பணம் போனது இப்படி வாடகைக்கு வாங்கிய கணக்குக்குத்தான் இருக்கும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரன் வீட்டு வாசலில். கார்டைக் கொடுத்துவிட்டானா என்று தம்பியிடம் இப்போதே கேளுங்கள். கொடுத்திருந்தால் உடனே கார்டை பிளாக் செய்துவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போய் எழுதிக் கொடுங்கள்.