அம்மாவின் முழங்காலும் மகோமே கணவாயும்

கேள்வி: ஜப்பானில் மகோமேயிலிருந்து சுமாகோ வரை போகும் பழைய மலைப்பாதையில் 63 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆசை. அவருக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். ஏஜென்ட் ஒருவர் ரயில் பாஸ், வழிகாட்டி, தங்குமிடம் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

தாராளமாக நடக்கலாம், பேக்கேஜ் மட்டும் வேண்டாம். எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த நாகசெண்டோ சாலையில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன, நீங்கள் நடக்கப்போவது அதில் இரண்டுக்கு நடுவே வெறும் 8 கிலோமீட்டர். வழி நெடுக கைகாட்டிப் பலகை இருக்கிறது, ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. இதற்கு வழிகாட்டி எதற்கு?

ரயில் பாஸ் கதையைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது. ஜப்பான் முழுக்க ஜேஆர் ரயில்களில் செல்லும் 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் ஒரேயடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து நகோயா, அங்கிருந்து மலைக்குப் போய்த் திரும்பி கியோட்டோ, இவ்வளவுக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தாலே அதில் பாதிகூட ஆகாது. மகோமே பஸ்ஸில் அந்தப் பாஸ் செல்லாது என்பதை உங்கள் ஏஜென்ட் சொன்னாரா?

சரி, முழங்காலுக்கு வருவோம். ஏற்றம் குறைவு என்று எல்லோரும் மகோமேயில் கிளம்பச் சொல்வார்கள். மகோமே கிட்டத்தட்ட 600 மீட்டர் உயரம், சுமாகோ 420, நடுவில் கணவாய் 800. கால் நன்றாக இருப்பவர்களுக்கு அது சரிதான். ஆனால் மூட்டு வலிக்காரருக்கு ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் வலி பிடுங்கும், மகோமேயிலிருந்து போனால் கணவாயைத் தாண்டி கிட்டத்தட்ட 380 மீட்டர் இறங்க வேண்டும், கல் பாவிய இடங்கள் மழை ஈரத்தில் வழுக்கவும் செய்யும். அதனால் நீங்கள் தலைகீழாகப் போங்கள்: நாகிசோ ஸ்டேஷனில் இறங்கி பஸ்ஸில் சுமாகோ, அங்கிருந்து நிதானமாக ஏறி கணவாய் வரை. உச்சியிலேயே பஸ் நிற்கும், அதில் ஏறி மகோமேயில் இறங்கிவிடலாம். வலி இல்லையென்றால் மீதி 2 கிலோமீட்டர்தான், அதையும் நடங்கள்.

இப்படிப் போவதால் எதுவும் தவறிப்போகாது. இரட்டை அருவி, தேவதாரு போல நெடிது நிற்கும் மரங்கள், கரடியை விரட்ட ஆங்காங்கே கட்டியிருக்கும் மணி (அம்மாவை அடிக்கச் சொல்லுங்கள், ஊரே கேட்கும்), பெரும்பாலும் சுமாகோ பக்கம்தான். கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் பழைய மர வீட்டுத் தேநீர்க் கடை வரும். நடுவில் அடுப்புக்குழி, புகையேறிக் கறுத்த உத்தரம், ஊர்க்காரர் யாராவது ஒருவர் இலவசமாகத் தேநீர் ஊற்றித் தருவார். அரை மணி நேரம் உட்காருங்கள்.

எரிச்சல் தருவது பஸ்தான். நாளுக்குச் சில நடைதான், பல நேரம் ரயிலோடு ஒத்தும் வராது, சிறிய விடுதிகள் சிலவற்றில் ஜப்பானிய மொழியில் போன் செய்தால்தான் அறை கிடைக்கும். இடைத்தரகர்கள் பிழைப்பதே இதை வைத்துத்தான். கிளம்பும் முன்பே நேர அட்டவணையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கையில் ரொக்கமும் இருக்கட்டும். பெட்டியைச் சுமக்க வேண்டாம், இரண்டில் எந்த ஊர் சுற்றுலா அலுவலகத்தில் காலையில் கொடுத்தாலும் மதியம் மறுமுனைக்கு வந்துவிடும், ஆனால் குளிர்காலத்தில் இந்தச் சேவை கிடையாது.

அப்புறம் சைவம். "வெஜ் உண்டு" என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். மீனை எடுத்துவிட்டால் சைவம் என்றுதான் அங்கே பலர் நினைக்கிறார்கள், மிசோ (சோயா விழுது) சூப்பிலும் சோபா நூடுல்ஸ் குழம்பிலும் தாஷி என்ற மீன் சாறு கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். முன்பதிவின்போதே "நிகு, சகானா, தாஷி தபேமசென்" என்று எழுதி அனுப்புங்கள்: இறைச்சி, மீன், தாஷி சாப்பிட மாட்டோம். விடுதியில் இரவுச் சாப்பாடு 6 மணிக்கே வைத்துவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேர்வது மாதிரி காலை 9 மணிக்கே சுமாகோவை விட்டுக் கிளம்புங்கள்.