ஸ்டைவெசன்ட் பள்ளி: 8-ஆம் வகுப்பு மகளுக்கு ஏற்றதா?

வணக்கம். நியூயார்க் நகரின் ஃபிளஷிங் பகுதியில் குடியேறியுள்ள தாங்கள், 8-ஆம் வகுப்பு படிக்கும் மகளை நன்கொடை கொடுத்தாவது ஸ்டைவெசன்ட் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நன்கொடைக்கு அங்கே இடமே இல்லை. அது நியூயார்க் நகர அரசுப் பள்ளி, கல்விக் கட்டணமும் கிடையாது. 1971-இல் மாநில அரசு இயற்றிய சட்டப்படி, இலையுதிர் காலத்தில் நடக்கும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண் ஒன்றே சேர்க்கையைத் தீர்மானிக்கிறது. ஆகவே பதிவுக்கான கடைசி நாளை உடனே விசாரித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், 9-ஆம் வகுப்பில் எழுதி மிகச் சொற்பமான இடங்களுக்குப் போட்டியிட நேரும்.

1904-இல் ஆண்கள் பள்ளியாகத் தொடங்கி, 1969-இல்தான் மாணவியரைச் சேர்த்துக்கொண்ட இந்தப் பள்ளி, 1992 முதல் சேம்பர்ஸ் தெருவின் பத்து மாடிக் கட்டடத்தில் இயங்குகிறது. வேதியியல் நோபல் பெற்ற ரோல்ட் ஹாஃப்மன் இதன் பழைய மாணவர். காலையில் பிள்ளைகள் புத்தகப் பையுடன் நெடுஞ்சாலைக்கு மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து நேராக இரண்டாம் தளத்துக்குள் நுழைந்து, நகரும் படிகளில் மேலேறுவதைப் பார்த்தாலே பள்ளியின் பரபரப்பு புரிந்துவிடும்.

எனக்குள்ள கவலை தூரம்தான். ஃபிளஷிங்கிலிருந்து 7-ஆம் எண் ரயிலில் டைம்ஸ் சதுக்கம் வந்து, அங்கே வேறு ரயில் மாறிப் போகவே ஒரு மணி நேரம் ஆகிவிடும்; வீட்டுப்பாடமும் அதிகம் என்பதால் தூக்கம் குறையும். எந்தெந்தப் பள்ளிகள் வேண்டும் என்ற விருப்பப் பட்டியலை நிரப்புமுன், ஒரு பள்ளி நாளின் காலையில் மகளுடன் அந்தப் பயணத்தைச் செய்து பார்த்துவிட்டு, அவளுடைய கருத்தையும் கேளுங்கள்.